சபையின் பதிவேடுகள்: எவை நமக்குத் திறந்தவை? எவை மூடியவை?

சட்டம் தெரிந்துகொள்வோம்



வீட்டுக்கு முன்னால் வடிகான் உடைந்து கிடக்கிறது. மழை பெய்தால் அழுக்குத் தண்ணீர் வாசற்படி வரை வந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு மாறி மாறிக் காய்ச்சல். ஆனால் அந்த வடிகான் போன வருடமே திருத்தப்பட்டு, அதற்கான பணமும் கொடுத்து முடிந்துவிட்டதாக ஊரில் பேச்சு. உண்மையை அறியப் பிரதேச சபைக்குப் போனால், மேசைக்கு அப்பால் இருப்பவர் தலையை நிமிர்த்தாமலே, "அதெல்லாம் உள்வீட்டு விசயம், வெளியே கொடுக்க ஏலாது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். ஆண்களையே இப்படித் திருப்பி அனுப்புகின்ற இடத்தில், முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு தயங்கி நிற்கும் ஒரு பெண்ணின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரான அச்சமும் நம்மிடம் உண்டு. சபையில் நாம் கொடுத்த வீட்டு வரைபடம், அடையாள அட்டை இலக்கம், அயல்வீட்டைப் பற்றி எழுதிய முறைப்பாடு ஆகியவற்றை யார் வந்து கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிடுவார்களோ என்ற அச்சமே அது.

இவ்விரண்டுக்கும் பதில் ஒரே சட்டத்தில்தான் இருக்கிறது. அது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2015இல் அரசியலமைப்புக்குச் செய்யப்பட்ட 19ஆவது திருத்தத்தின் மூலம், தகவலைப் பெறுவது நமது அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அதைத் தொடர்ந்து வந்த இச்சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் இருக்கிறது. மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை மூன்றும் இதற்குக் கட்டுப்பட்டவை. ஆகவே "கொடுக்க ஏலாது" என்று சொல்லும் அதிகாரம் எந்த உத்தியோகத்தருக்கும் தன் விருப்பப்படி இல்லை. கொடுக்கக் கூடாதவை எவை என்பதைச் சட்டமே எண்ணிச் சொல்லியிருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாத எதையும் மறைக்க முடியாது.

முதலில் ஒரு சிறு தெளிவு. பிறப்புச் சான்றிதழ், அஸ்வெசும, காணி அனுமதிப்பத்திரம் போன்றவை பிரதேச செயலகத்தைச் சேர்ந்தவை. வடிகான், சபைக்குரிய வீதிகள், தெரு விளக்கு, குப்பை அகற்றல், சந்தை, கடைத்தொகுதி, வியாபார அனுமதி, கட்டட அனுமதி, ஆதன வரி, பொது நூலகம், விளையாட்டுத் திடல் ஆகியவையே சபையின் பொறுப்பு. இரண்டு இடங்களுக்கும் இதே சட்டம் பொருந்தும். என்றாலும் விண்ணப்பம் உரிய இடத்துக்குப் போகவேண்டும். இம்மாதம் நாம் பார்ப்பது சபையை மட்டுமே.

எவை மூடியவை?

சட்டத்தின் 5ஆம் பிரிவு, மறுக்கக்கூடிய தகவல்களை வகை பிரித்துக் கூறுகிறது. அவற்றுள் தேசிய பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, முடிவெடுக்கப்படாத அமைச்சரவைப் பத்திரம், பாராளுமன்றச் சிறப்புரிமை, பரீட்சை இரகசியம் போன்றவற்றுக்கும் நமது ஊர்ச் சபைக்கும் பெரும்பாலும் தொடர்பே இல்லை. ஒரு குப்பை வண்டியின் எரிபொருள் கணக்கைக் கேட்பவரிடம் தேசிய பாதுகாப்பைப் பற்றிப் பேசினால் அது சாக்குப்போக்கு என்று விளங்கிக்கொள்ளலாம். சபையின் பதிவேடுகளில் உண்மையாகவே மூடியிருக்க வேண்டியவை இவைதாம்:

ஒன்று, தனிப்பட்டவரின் அந்தரங்கத் தகவல். பொது அலுவலோடு தொடர்பில்லாத, வெளிவந்தால் ஒருவரின் அந்தரங்கத்தில் நியாயமின்றித் தலையிடுவதாக அமையும் விபரங்கள் இதில் அடங்கும். உங்கள் அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், சபை ஊழியர் ஒருவரின் குடும்ப விபரம் போன்றவை இத்தகையவை. பொது நூலகத்தில் உங்கள் மகள் எந்தப் புத்தகத்தை இரவல் எடுத்தாள் என்பதும் அவளது சொந்த விடயமே. அதை அறிய அயலவருக்கு எந்த உரிமையும் இல்லை. சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதித்தால், அல்லது பரந்த பொது நலன் அதை வேண்டி நின்றால் மட்டுமே இவ்வகைத் தகவல் வெளிவரலாம்.

இரண்டு, நோய் பற்றிய பதிவுகள். ஒருவரின் மருத்துவப் பதிவை அவர் எழுத்தில் சம்மதம் தராமல் வேறெவருக்கும் கொடுக்க முடியாது. சில மாநகர சபைகள் மருந்தகங்களையும் தாய் சேய் நிலையங்களையும் நடத்துகின்றன. அங்கே எழுதப்படும் அட்டைகளுக்கும் இது பொருந்தும். 2020இல் கொரோனாத் தொற்று வந்தபோது, நோயாளி எந்த ஊர், எந்தச் சமயம் என்றெல்லாம் பகிரங்கமாகப் பேசப்பட்டது நம் எத்தனை குடும்பங்களைப் புண்படுத்தியது என்பதை நாம் மறந்துவிடவில்லை. நோய் ஒருவரின் அமானிதம். அதைக் காப்பது சட்டத்தின் கடமையும்கூட.

மூன்று, இரகசியமாகத் தகவல் தந்தவரின் அடையாளம். சட்டத்தை அமுல்படுத்துவதற்காக நம்பிக்கையோடு தகவல் சொன்னவர் யார் என்பதைக் காட்டிக்கொடுக்கும் பதிவுகளை மறுக்கலாம். குற்றமொன்றைத் தடுப்பதற்கோ கண்டுபிடிப்பதற்கோ பாரிய பங்கம் விளைவிக்கும் தகவல்களும் அவ்வாறே. பக்கத்துத் தோட்டத்தில் இறைச்சிக் கழிவு கொட்டப்படுகிறது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்த ஒரு பெண், "என் பெயர் வெளிவந்தால் நாளை இந்த ஒழுங்கையில் எப்படி நடப்பேன்?" என்று பயப்படுவது இயல்பு. முறைப்பாட்டைக் கொடுக்கும்போதே "எனது பெயர் விபரத்தை இரகசியமாக வைத்திருக்கவும்" என்று ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. பின்னால் எவரும் கேட்டால், அந்த ஒரு வரி உங்களுக்குத் துணை நிற்கும்.

நான்கு, வியாபார இரகசியம். மஸ்கட், தொதல் செய்து விற்கும் ஒரு சகோதரி, தன் கைப்பக்குவ முறையைச் சபைக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அதைப் போட்டி வியாபாரி கேட்டு வாங்க முடியாது. ஆனால் அவரிடம் வியாபார அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பது இரகசியம் அல்ல. அதுபோலவே, விலைமனுக்கள் திறக்கப்படும் முன் ஒருவர் எழுதிய தொகையை மற்றவருக்குச் சொல்லக் கூடாது. வேலை ஒருவருக்குக் கொடுக்கப்பட்டு, பொதுப் பணம் கைமாறத் தொடங்கிய பின், எவ்வளவு தொகைக்குக் கொடுக்கப்பட்டது என்பதை மறைக்க நியாயம் இல்லை.

ஐந்து, சட்டத்தரணியின் ஆலோசனையும் வழக்குகளும். சபைக்கும் அதன் சட்டத்தரணிக்கும் இடையே நடந்த, வெளியிடச் சட்டம் அனுமதிக்காத கடிதப் போக்குவரத்தையும், வெளியிட்டால் நீதிமன்றத்தை அவமதிப்பதாக அமையும் தகவல்களையும் மறுக்கலாம். எனினும் ஒரு விடயம் நீதிமன்றத்தில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் அது தொடர்பான எல்லாப் பதிவுகளும் மூடப்பட்டுவிடுவதில்லை.

ஆறு, மூன்றாம் ஆள் நம்பிக்கையின் பேரில் ஒப்படைத்தவை. ஒருவர் இரகசியமாக வைத்திருக்கும்படி சபைக்குத் தந்த தகவலை இன்னொருவர் கேட்டால், தகவல் அலுவலர் முதலில் தந்தவருக்கு அறிவித்து அவருடைய கருத்தைக் கேட்கவேண்டும். அவர் மறுத்தாலும், அந்தரங்கத்தைவிடப் பொது நலன் பெரிதெனக் கண்டால் ஆணைக்குழு வெளியிடப் பணிக்கலாம்.

எவை திறந்தவை?

மேலே சொன்னவை தவிர்ந்த ஏனையவை நமக்குரியவை. சபைக் கூட்ட அறிக்கைகள், வரவு செலவுத் திட்டம், வீதிக்கும் வடிகானுக்குமான மதிப்பீடு, ஒப்பந்தகாரருக்குக் கொடுத்த பணம், வேலை முடிந்ததாகக் கையெழுத்திட்ட அறிக்கை, சந்தைக் கடைகள் என்ன அடிப்படையில் யாருக்குக் கொடுக்கப்பட்டன என்ற விபரம், தெரு விளக்குகளின் எண்ணிக்கை, குப்பை வண்டி எந்த நாளில் எந்த ஒழுங்கைக்கு வரவேண்டும் என்ற அட்டவணை யாவும் பொதுமக்களின் பதிவுகளே. காகிதம் மட்டும் என்று எண்ண வேண்டாம். வரைபடம், புகைப்படம், ஒலிப்பதிவு, கணினியில் உள்ளவை எல்லாம் "தகவல்" என்ற சொல்லுக்குள் அடங்கும்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும் வரை, மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலே செயலாளர்களும் ஆணையாளர்களும் நிர்வாகத்தை நடத்தினர். அக்காலத்துக் கணக்குகளையும் நாம் கேட்கலாம். தவிசாளர் புதியவர், பழையது தமக்குத் தெரியாது என்பது பதிலாகாது. பதிவேடு ஆளுக்குரியதல்ல, சபைக்குரியது. சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இருந்த பதிவுகளை 10 வருடங்களும், அதன்பின் உருவானவற்றை 12 வருடங்களுமாவது பாதுகாத்து வைக்கவேண்டும் என்பது விதி.

இரண்டும் கலந்திருந்தால்?

சிக்கல் இங்கேதான் வருகிறது. ஒரே கோவையில் திறந்ததும் மூடியதும் சேர்ந்திருக்கும். உதாரணமாக, அயல்வீட்டார் எல்லைச் சுவரோடு ஒட்டி மாடி எழுப்புகிறார்கள். அவர்களின் யன்னல் உங்கள் முற்றத்தைப் பார்க்கிறது. நீங்கள் வீட்டு முற்றத்தில்கூட நிம்மதியாக நிற்க முடியாத நிலை. கட்டட அனுமதி பெறப்பட்டதா, எந்தத் திகதியில், எத்தனை மாடிக்கு, எல்லையிலிருந்து எவ்வளவு இடம் விடவேண்டும் என்ற நிபந்தனையுடன், உத்தியோகத்தர் வந்து பார்த்தாரா ஆகிய கேள்விகள் பொது அலுவல் பற்றியவை. சபை தன் கடமையைச் செய்ததா என்பதையே அவை வினவுகின்றன. ஆனால் அவர்களது படுக்கையறை எங்கே, குளியலறை எங்கே என்ற உள்ளமைப்பை நீங்கள் அறியவேண்டிய அவசியம் இல்லை. உங்கள் வீட்டு உள்ளமைப்பை அவர்கள் அறிவதை நீங்கள் விரும்புவீர்களா?

இதற்காகவே 6ஆம் பிரிவு ஒரு வழி சொல்கிறது. மூடவேண்டிய பகுதியை மாத்திரம் மறைத்துவிட்டு, மிகுதியைக் கொடுக்கவேண்டும். ஒரு பக்கத்தில் அடையாள அட்டை இலக்கம் இருக்கிறது என்பதற்காக முழுக் கோவையையும் அலுமாரியில் வைத்துப் பூட்டுவது சட்டத்துக்கு முரண். அந்த இலக்கத்தைக் கறுப்பு மையால் அழித்துவிட்டுப் பிரதியைக் கொடுக்கலாமே!

அதற்கு மேலும் ஒரு தராசு இருக்கிறது. மூடிய வகையைச் சேர்ந்த தகவலாக இருந்தாலும், அதை வெளியிடுவதால் வரும் தீங்கைவிடப் பொது நலன் பெரிதாக இருந்தால் மறுக்கலாகாது. "தனிப்பட்ட தகவல்" என்ற சொல்லை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதற்கு ஒரு தீர்ப்பைச் சொல்லலாம். சொத்து விபரம் சமர்ப்பித்த பாராளுமன்ற உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலை ஒரு குடிமகன் கேட்டபோது, அது மறுக்கப்பட்டது. தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு 2021இல் கொடுக்கும்படி பணித்தது. 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஒருவர் சட்டப்படியான கடமையைச் செய்தாரா இல்லையா என்பது அவருடைய அந்தரங்கம் அல்ல என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். பாராளுமன்றத்துக்குப் பொருந்துவது பிரதேச சபைக்குப் பொருந்தாமல் போகுமா?

நமது மார்க்கமும் இந்த இரு பக்கத்தையும் நமக்குக் கற்றுத் தந்ததே. பிறர் குறையைத் துருவி ஆராய்வதை ஸூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது. அனுமதியின்றி அடுத்தவர் வீட்டினுள் எட்டிப் பார்ப்பதும் தடுக்கப்பட்டதே. அதே வேளை, பொதுச் சொத்து அமானிதம். அதைப் பொறுப்பேற்றவர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். பங்காகக் கிடைத்த துணியில் தமக்கு எப்படி முழு ஆடை வந்தது என்று மக்கள் நடுவே ஒருவர் கேட்டபோது, கலீபா உமர் (ரலி) அவர்கள் கோபிக்காமல், மகனின் பங்கும் சேர்ந்ததைத் தெளிவுபடுத்தினார்கள் என்று சொல்லப்படும் சம்பவத்தை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். கேட்டவர் துருவியது கலீபாவின் வீட்டு விவகாரத்தை அல்ல, பொதுப் பங்கீட்டை. நாம் ஒரு விண்ணப்பம் எழுதுமுன் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டியதும் இதைத்தான்: நான் கேட்பது சபையின் கணக்கையா, அல்லது அயலவரின் வீட்டு விடயத்தையா?

எப்படிக் கேட்பது?

ஒவ்வொரு சபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். 01ஆம் இலக்கப் படிவத்தில் கேட்கலாம். படிவம் இல்லாவிட்டால் வெள்ளைத் தாளில் தமிழில் எழுதினாலும் போதும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று வினவ அவருக்கு உரிமை இல்லை. நீங்களும் காரணம் சொல்லத் தேவையில்லை. நேரில் போகக் கூச்சமாயின் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால், ஏற்றுக்கொண்டதற்கான எழுத்துச் சான்றைப் பெற்றுக்கொள்ளத் தவறாதீர்கள்.

14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அறிவிக்கவேண்டும். உயிருக்கோ தனிமனித சுதந்திரத்துக்கோ தொடர்பான தகவலாயின் 48 மணித்தியாலங்கள். 2017ஆம் ஆண்டின் விதிகளின்படி நிழற்பிரதி முதல் 4 பக்கங்களுக்கு இலவசம். அதன்பின் சாதாரணத் தாளின் ஒரு பக்கத்துக்கு 2 ரூபா.

மறுப்பதானால் எழுத்தில் மறுக்கவேண்டும். எந்தக் காரணத்தின் கீழ் மறுக்கப்படுகிறது, யாரிடம், எத்தனை நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்பதையும் குறிப்பிட வேண்டும். வாயால் சொல்லும் "ஏலாது" மறுப்பே அல்ல. மறுப்பு வந்தால் 14 நாட்களுக்குள் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அவர் மூன்று வாரத்துள் முடிவு சொல்லவேண்டும். அதிலும் திருப்தி இல்லையெனில், இரண்டு மாதத்துள் கொழும்பிலுள்ள ஆணைக்குழுவுக்கு எழுதலாம். இதற்குச் சட்டத்தரணி பிடிக்க வேண்டியதில்லை. சட்டப்படி நடந்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பும் சபையின் மீதே விழுகிறது, உங்கள் மீது அல்ல. பதிவை வேண்டுமென்றே அழிப்பதும் பொய்யான தகவலைக் கொடுப்பதும் 50,000 ரூபா வரை தண்டப்பணமோ, 2 வருடம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றங்கள்.

இன்னொரு யோசனை. தனியாக எழுதத் தயங்குபவர்கள் மாதர் சங்கத்தின் பெயரில் எழுதலாம். அங்கத்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் இலங்கைக் குடிமக்களாக இருந்தால் சங்கத்துக்கும் இவ்வுரிமை உண்டு. 2018 தேர்தல் தொட்டுச் சபைகளில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு இருப்பதால், உங்கள் பகுதிப் பெண் உறுப்பினரிடமும் பேசிப் பார்க்கலாம்.

மாதிரிக் கடிதம்

"தகவல் அலுவலர், ......... பிரதேச சபை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பின்வரும் தகவல்களைத் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. ......... வீதி வடிகானைத் திருத்துவதற்கு ......... ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்ட தொகை.
2. அவ்வேலைக்கான மதிப்பீட்டின் பிரதி.
3. வேலை நிறைவுபெற்றதாக உறுதிப்படுத்திய அறிக்கையின் பிரதியும், பணம் கொடுக்கப்பட்ட திகதியும்.

இவற்றில் தனிப்பட்டவரின் விபரம் ஏதும் இருப்பின் அதை மறைத்து, மிகுதியைத் தரவும்.

பெயர், முகவரி, திகதி, கையொப்பம்."

கேள்விகள் குறுகியதாகவும் தெளிவாகவும் இருக்கட்டும். "எல்லாக் கணக்கையும் தாருங்கள்" என்று எழுதினால் இழுத்தடிக்க இடம் கொடுத்தவர்களாவோம். கடைசிக்கு முந்திய வரியைக் கவனித்தீர்களா? அந்த ஒரு வரி, மறுப்பதற்கு ஒரு காரணத்தை முன்கூட்டியே இல்லாமல் செய்துவிடுகிறது. நாம் பிறர் மானத்தைத் தேடி வரவில்லை, பொதுப் பணத்தின் கணக்கைத் தேடியே வந்தோம் என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

கடிதத்தில் ஒரு பிரதி எடுத்து வீட்டில் பத்திரப்படுத்துங்கள். நாட்காட்டியில் 14 வேலை நாட்களை எண்ணி ஓர் அடையாளம் இடுங்கள். பதில் வராவிட்டால், அந்த மௌனத்தையும் மறுப்பாகக் கொண்டு அடுத்த படிக்குப் போகலாம். அல்லாஹ் நம் ஊர்களின் பொறுப்பாளர்களுக்கு அமானிதத்தைப் பேணும் தௌபீக்கையும், நமக்கு நியாயமானதை நிதானத்தோடு கேட்கும் துணிவையும் தந்தருள்வானாக. வஸ்ஸலாம்.